இல்லமும் கருவியும்: காமிராவின் பாட்டரி கிரிப் மின்சாரம் தர மறுப்பதேன்?

டில்லி ஆர்.கே. புரத்திலிருந்து நம் சங்க அன்பர் ஒருவர் நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். அவருடைய குமாரர் கல்லூரியில் பயின்றுகொண்டே, ஓய்வு நாட்களில் நம்மவர் இல்லங்களில் நிகழும் வளைகாப்பு, காதணி விழா, நிச்சயதார்த்தம் முதலிய வைபவங்களைப் படம் பிடித்துச் சிறிது பொருள் ஈட்டி வருகிறாராம். காமிரா, கூட்டுறவுச் சங்கக் கடனில் வாங்கிய கேனன் 70டி. அதற்கு வேறொரு கம்பெனியார் செய்த பாட்டரி கிரிப் ஒன்றைச் சென்ற ஆண்டு மலிவாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார். அண்மையில் நடந்த ஒரு வளைகாப்பில், திருநெல்வேலியிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்த பாட்டியார் பேத்தியின் கையில் முதல் வளையலை அடுக்கத் தொடங்கிய தருணத்தில், காமிரா கண்ணை மூடிக்கொண்டது. அது மீண்டும் விழிப்பதற்குள் பாட்டியார் எழுந்துபோய் இலையில் அமர்ந்துவிட்டார்.

பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று பெருந்தொகை கேட்கிறாராம். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. "காமிராவை வந்த விலைக்கு விற்றுவிடலாமா, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டு முடிக்கிறார் அன்பர்.

இரண்டும் வேண்டா. கடிதத்தின் நடுவே அவர் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி என் கண்ணில் பட்டது. "கிரிப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பாட்டரியுடன் வைத்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது" என்கிறார். வழக்கின் முக்கியமான சாட்சியே இதுதான். உடல் தனியே இயங்கும்போது ஒழுங்காகவும், கிரிப்புடன் சேரும்போது கோளாறாகவும் இருக்குமாயின், மதர்போர்டின்மேல் பழி சுமத்துவதற்கு இன்னும் காலம் வரவில்லை. குற்றமற்றதென்று காமிராவை முதலில் நிரூபித்துக்கொண்டு, பிறகு பணப்பையைத் திறப்பதே முறை.

கிரிப் என்பது யாதென்று அறியாத வாசகர்களும் உளர். அவர்களுக்காக ஒரு வார்த்தை. காமிராவின் அடியில், முக்காலி பொருத்தும் திருகுத் துளையைப் பற்றிக்கொண்டு பொருந்தும் ஒரு கீழ்ப்பெட்டி இது. இரண்டு பாட்டரிகளைத் தாங்கும். காமிராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிப்பதற்கு வாகாக இரண்டாவது ஷட்டர் பொத்தான் ஒன்றும் வைத்திருக்கும். காமிராவைப் பெரிதாகக் காட்டும் என்பதற்காகவே வாங்குவாரும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டாரிடம் அதற்கு ஒரு மதிப்பு உண்டென்பதை மறுப்பதற்கில்லை!

கேனன் 70டி போன்ற காமிராக்களில் இதன் அமைப்பு பின்வருமாறு. உடலிலுள்ள பாட்டரியை வெளியே எடுத்து, பாட்டரிக் கதவையும் கழற்றிவிட வேண்டும். கிரிப்பிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ஒரு தண்டு அந்த வெற்று அறைக்குள் நுழைந்து, அதன் உச்சியிலுள்ள தொடுமுனைகள் காமிராவின் தொடுமுனைகளைத் தொடும். ஆகவே மின்சாரம் இரண்டு இடங்களில் கைமாறுகிறது. பாட்டரியிலிருந்து கிரிப்புக்கு ஒரு முறை; கிரிப்பிலிருந்து காமிராவுக்கு மற்றொரு முறை. உடலில் நேரே பாட்டரி இட்டால் கைமாற்றம் ஒன்றே. கைமாறும் இடம் கூடினால் கசியும் இடமும் கூடும் என்பது பணத்துக்கு மட்டுமே உரிய விதியன்று.

நிக்கான் டி7100, டி7200, டி750 முதலியவற்றின் முறை வேறு. அவற்றில் உடலின் பாட்டரி உடலிலேயே இருக்கும். கிரிப்பில் இன்னொன்று இருக்கும். அடிப்பாகத்தில் ஒரு ரப்பர் மூடியை நீக்கினால் தெரியும் தொடுமுனைகள் வழியே இரண்டும் பேசிக்கொள்ளும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிரிப் செத்துக் கிடந்தாலும், உடலின் பாட்டரியைக் கொண்டு காமிரா ஓடிக்கொண்டேயிருக்கும். படம் பிடிப்பவர் இரட்டைப் பாட்டரி இருக்கிறதென்ற நம்பிக்கையில் இருப்பார். பாதிக் கல்யாணத்தில் உண்மை வெளிப்படும். நிக்கானின் பட்டியலில் எந்தப் பாட்டரியை முதலில் செலவழிப்பது என்று குறிக்கும் இடம் ஒன்று உண்டு. கிரிப்பின் பாட்டரியை முதலில் செலவழிக்கும்படி வைத்துக்கொண்டால், கிரிப்பின் நலம் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

நிக்கானின் சிறு காமிராக்களான டி3000, டி5000 வரிசைகளுக்கு அந்தக் கம்பெனியார் கிரிப் செய்யவேயில்லை. கடையில் கிடைப்பவை யாவும் பிறர் செய்தவை. அவற்றில் ஷட்டர் பொத்தானுக்கென்று ஒரு சிறு கம்பியைக் காமிராவின் பக்கவாட்டுத் துளையில் செருக வேண்டியிருக்கும். அந்தக் கம்பி நழுவியிருந்தால் காமிரா உயிருடன் இருக்கும். கீழ்ப்பொத்தான் மட்டும் வேலை செய்யாது. இதை மின்கோளாறு என்று எண்ணிக் கடைக்கு ஓடவேண்டியதில்லை.

இனி நம் அன்பரின் 70டிக்கு வருவோம். அவர் குமாரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென்று ஒதுக்கட்டும். முதற்காரியமாகப் பாட்டரிகளின்மேல் காகிதப் பட்டை ஒட்டி அ, ஆ, இ என்று எழுதிவிடவேண்டும். பெயரில்லாத பாட்டரிகளை மாற்றி மாற்றிச் சோதிப்பவர், எது நல்லது எது கெட்டது என்பதை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். எல்லாவற்றையும் முழுவதும் சார்ஜ் செய்துகொண்டு, கிரிப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பழையபடி மாட்டி, காமிரா கம்பெனியாரின் அசல் பாட்டரியை மட்டும் உடலில் இட்டுச் சோதனையைத் தொடங்கலாம்.

காமிராவைத் திறந்து திரை எரிகிறதா என்று பார்ப்பது சோதனையாகாது; திரை எரிவதற்குச் சொற்ப மின்சாரமே போதும். மேலே எழும் ஃபிளாஷை நிமிர்த்திப் பத்துப் படம் எடுக்கவேண்டும். பின்திரையில் காட்சியை நேரே பார்த்தவாறு ஐந்து நிமிஷம் வீடியோ பிடிக்கவேண்டும். தொடர்ச்சியாகப் படம் சுடும் முறையில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். இவ்வளவையும் ஒற்றைப் பாட்டரியுடன் தாங்கினால் காமிராவின்மேல் குற்றமில்லை. தாங்காவிட்டால் வேறோர் அசல் பாட்டரியை இட்டு மீண்டும் செய்க. அதுவும் தோற்றால்தான் மதர்போர்டு பேச்சுக்கு இடமுண்டு.

இந்தக் கனமான வேலைகளை ஏன் கேட்கிறேன் என்பதை விளக்கவேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பாட்டரியை அளந்து, "8.3 வோல்ட் காட்டுகிறது, பாட்டரி நன்றாயிருக்கிறது, ஆகையால் காமிராதான் கெட்டது" என்பார். 70டியின் எல்.பி-ஈ6 பாட்டரி பெயரளவில் 7.2 வோல்ட் உடையது. முழுவதும் சார்ஜ் ஆனதும் ஏறக்குறைய 8.4 வோல்ட் வரை காட்டும். ஆனால் மீட்டர் பாட்டரியிடம் எந்த வேலையும் வாங்குவதில்லை. விடியற்காலையில் குழாயை லேசாகத் திறந்தால் தண்ணீர் சொட்டுகிறது. அதைக் கண்டு, "தண்ணீர் வருகிறது" என்று மாடி வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் ஒரே சமயத்தில் குழாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது டில்லிவாசிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மின்சாரத்துக்கும் அதுவே கதி. தொடுமுனை ஒன்றில் அழுக்குப் படிந்து அரை ஓம் தடை ஏற்பட்டிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காமிரா சும்மா இருக்கையில் அதனால் இழப்பு ஏதும் தெரியாது. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது காமிரா 2 ஆம்பியர் இழுக்குமானால், அந்த அழுக்கிலேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். பாட்டரி தீர்ந்துவிட்டதென்று காமிரா முடிவு செய்து தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்ததும் இழுப்பு நிற்கிறது, வோல்ட் பழையபடி ஏறுகிறது. மறுபடி திறந்தால் முழுப் பாட்டரி என்று காட்டுகிறது. வளைகாப்பில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கவேண்டும்.

உடல் தேறிவிட்டதென்றால், அதே அசல் பாட்டரியைக் கிரிப்பின் இடது அறையில் தனியாக இட்டு அதே சோதனைகளைச் செய்க. பிறகு வலது அறையில் தனியாக. கிரிப் ஒற்றைப் பாட்டரியுடனும் இயங்கக்கூடியதே. ஒரு பக்கம் தேறி மறுபக்கம் தோற்றால், குறை அந்த அறையின் தொடுமுனையிலோ உட்சுற்றிலோ இருக்கிறது. இரண்டு பாட்டரிகளும் 14 வோல்ட்டாகச் சேர்ந்து காமிராவுக்குப் போவதில்லை; பக்கம் பக்கமாக நின்று, வோல்ட் மிகுந்தது முதலில் கொடுக்கும் ஏற்பாடு. ஒன்று மற்றொன்றுக்குள் பாயாதிருக்க டயோடு போன்ற காவல் உண்டு. மலிவான டயோடு பொருத்தியிருந்தால் அந்தக் காவற்காரனே அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுவான். அதை வீட்டில் திருத்த முடியாது. கிரிப்பை விற்றவரிடம் திருப்புவதே வழி. இரண்டு அறைகளும் தோற்றால், குற்றம் தண்டின் உச்சியிலோ, பொருத்திய விதத்திலோ இருக்கும்.

பொருத்திய விதத்தில் பார்க்கவேண்டியது திருகு. கிரிப்பின் சக்கரத்தை விரலால் முழுவதும் முறுக்கியிருக்க வேண்டும். கிடையாகப் பிடிக்கையில் ஓடும் காமிரா, செங்குத்தாகத் திருப்பியதும் அணைகிறதென்றால், பத்தில் எட்டு இதுவே என்று துணிந்து சொல்வேன். கனமான லென்ஸ் காமிராவை ஒரு பக்கம் இழுக்க, தண்டு மயிரிழை விலகிவிடுகிறது. ஒருமுறை முறுக்கினால் போதுமென்று எண்ணலாகாது. இரண்டு மணி நேரம் கூட்டத்தில் இடிபட்டபின் திருகு நெகிழ்ந்திருக்கும். இன்னொன்று: பாட்டரிக் கதவு மூடியிருக்கிறதா என்று அறியச் சில காமிராக்களில், குறிப்பாகக் கேனனின் சிறு காமிராக்களில், உள்ளே மிகச் சிறிய ஸ்விட்ச் ஒன்று உண்டு. கதவைக் கழற்றியபின் கிரிப்பிலுள்ள ஒரு சிறு முனை அதை அழுத்தவேண்டும். அந்த முனை தேய்ந்தோ குட்டையாகவோ இருந்தால், கதவு திறந்திருக்கிறதென்று காமிரா அடம்பிடித்து, அடியோடு இயங்க மறுக்கும். கழற்றிய கதவைச் செருகி வைக்கக் கிரிப்பிலேயே இடமிருக்கும்; அதைத் தொலைத்துவிட்டால், கிரிப் இல்லாமல் காமிராவை உபயோகிக்க வழியில்லாது போகும்.

தொடுமுனைகளைத் துடைப்பது எளிது. பாட்டரிகளை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிது தோய்த்துத் துடைத்து, நன்றாக உலர விடுக. பாட்டரியின் முனைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிடலாம். உப்புத்தாள், கத்தி முனை, மண்ணெண்ணெய் ஆகியவை கூடா. எந்த நோய்க்கும் தேங்காய் எண்ணெயை எடுக்கும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டு. இங்கே அது தூசியைச் சேர்த்து வைக்கும் பசையாகிவிடும். தண்டின் உச்சியிலுள்ள முனைகளில் ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிடத் தாழ்ந்து அமுங்கியிருந்தால் ஊசியால் நெம்பாதீர்கள். அதே ஊசி காமிராவின் முனைகளையும் வளைத்துவிடும். அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும்.

பாட்டரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் கிரிப்பைப் பழிப்பவர்களில் பலருக்குப் பகை போலிப் பாட்டரிகளே. எல்.பி-ஈ6 பாட்டரிக்குள் ஒரு சில்லு இருந்து, தன்னிடம் மீதி எவ்வளவு என்பதைக் காமிராவுக்குத் தெரிவிக்கிறது. 70டியின் பட்டியலில் பாட்டரித் தகவல் என்னும் பக்கத்தைத் திறந்தால், மீதி எத்தனை சதவீதம், இந்தச் சார்ஜில் எத்தனை படம் எடுத்தாயிற்று, பாட்டரி எவ்வளவு முதுமை எய்தியிருக்கிறது என்பன தெரியும். பச்சைக் கட்டம் மூன்றானால் இளமை. சிவப்புக் கட்டம் ஒன்றானால் புதிது வாங்கும் காலம் வந்துவிட்டது. பிறர் செய்த பாட்டரிகளில் இந்தச் சில்லு அரைகுறையாக இருக்கலாம். அப்போது பாட்டரியுடன் தொடர்பு கொள்ள இயலவில்லை என்று காமிரா அறிவிக்கும். அல்லது முழுமை என்றே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று கைவிடும். காமிராவின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் முதல் பழைய போலிப் பாட்டரி ஏற்கப்படாமற் போவதும் உண்டு. உருவத்திலும் அரை மில்லிமீட்டர் குறைந்தால் போதும், தொடுமுனையை அழுத்தமாகத் தொடாது. ஒரு பழைய பாட்டரியையும் ஒரு புதியதையும், அசலையும் போலியையும் ஜோடி சேர்க்கவேண்டா. ஒரே வயதுடைய அசல் பாட்டரிகள் இரண்டை ஜோடியாகவே வாங்கி, ஜோடியாகவே உழைக்க விடுக.

இந்நாட்டில் விற்கப்படும் இத்தகைய பாட்டரிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் ஐ.எஸ். 16046 என்னும் தரத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டுமென்பது சட்டம். பாட்டரியின்மேல் அந்த எண்ணும், ஆர் என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அந்தப் பதிவு எண்ணை இட்டால், அது எந்தக் கம்பெனிக்கு உரியது என்று காட்டும். சாந்தினி சௌக்கின் காமிராக் கடைத்தெருவுக்குச் செல்லும் நம்மவர், விலை பேசுவதற்கு முன் இதைச் செய்துபார்க்கலாம். அச்சிட்ட பெயர் ஒன்றும், செயலி காட்டும் பெயர் வேறொன்றுமானால் பேரமே வேண்டா.

கிரிப்போடு வரும் மற்றொரு தட்டில் ஆறு பென்சில் செல்களையும் இடலாம். அவசரத்துக்கு மட்டுமே இது உதவும். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவான கார்பன் செல்கள் காமிராவின் இழுப்பைத் தாங்கமாட்டா. அல்கலைன் செல்கள் சிறிது நேரம் தாங்கும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள் ஆறும் சேர்ந்து 7.2 வோல்ட் ஆவதால் பொருத்தமானவை. நிக்கான் காமிராக்களில் எவ்வகைச் செல் இட்டிருக்கிறோம் என்பதைப் பட்டியலில் குறிக்கவேண்டும், எல்.ஆர்6 என்பது அல்கலைன், எச்.ஆர்6 என்பது நிக்கல். மாற்றிக் குறித்தால், செல் நிறைந்திருக்கையிலேயே தீர்ந்தது என்று காமிரா சாதிக்கும். ஆறில் ஒன்றைத் தலைகீழாக இட்டுவிட்டுக் கிரிப் கெட்டதென்று புலம்புவோரும் உண்டு.

வேறு சிலர் கூறும் குறை, இரவு முழுச் சார்ஜுடன் வைத்த பாட்டரிகள் காலையில் காலியாயிருக்கின்றன என்பது. கிரிப்பிலுள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டோமே என்பார்கள். அந்த ஸ்விட்ச் கீழ்ப்பொத்தான்களை மட்டுமே பூட்டுகிறது, மின்சாரத்தை நிறுத்துவதில்லை. பிறர் செய்த கிரிப்புகள் சில, காமிரா உறங்கும்போதும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டு இரவு கிரிப்புடனும், இரண்டு இரவு கிரிப் இன்றியும் வைத்துச் சதவீதத்தைக் குறித்துப் பார்த்தால் உண்மை தெரியும். உறிஞ்சும் கிரிப்பானால் வேலை முடிந்ததும் பாட்டரிகளை எடுத்துவிடவேண்டியதுதான்.

தைக் கல்யாணத்தைப் பற்றி அன்பர் கேட்டதற்கு என் யோசனை இது. முன்பணத்தைத் திருப்பவேண்டா, கிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று அசல் பாட்டரிகளுடன் போகட்டும். தை மாத விடியற்காலை முகூர்த்தத்தில் டில்லிக் குளிர் பாட்டரியின் திறனைக் குறைத்துவிடும். ஆகையால் மாற்றுப் பாட்டரிகளைத் தோள்பையில் வையாமல், ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில், உடற்சூடு படும்படி வைத்துக்கொள்ளவேண்டும். முனைகளுக்கு மூடி இட்டிருக்கட்டும். சட்டைப்பையில் சாவியும் சில்லறையும் கூட இருக்கலாகாது. மங்கல நாணைத் தட்டில் வைத்துப் பெரியோர்களின் ஆசிக்குச் சபையில் கொண்டுவருமுன், பாதி மீதியிருந்தாலும் பொருட்படுத்தாமல் புதுப் பாட்டரி மாற்றிவிடவேண்டும். பழகிய கைக்கு அரை நிமிஷ வேலை. கிரிப் எல்லாச் சோதனைகளையும் தாண்டியபின், ஒரு பிறந்தநாள் விழாவிலோ சங்கக் கூட்டத்திலோ அதை ஒத்திகை பார்க்கலாம். முகூர்த்தம் ஒத்திகைக்கு உரிய இடமன்று.

பிறர் செய்த கிரிப் யாவும் குப்பை என்று நான் கூறவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைப்பவையும் உள. 70டிக்கு அசல் கிரிப் பி.ஜி-ஈ14 என்பது, 80டிக்கும் அதுவே பொருந்தும். பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் புதிய போலியைவிட அதை விரும்புவேன். புதிய போலியே வாங்குவதாயின் ரசீது இல்லாமல் வாங்கவேண்டா. திருப்ப மறுக்கும் கடைக்காரர்மேல் முறையிட நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ரசீது இன்றி அங்கே பேசிப் பயனில்லை. பிறர் செய்த துணைக்கருவியால் விளைந்த கேட்டுக்குக் காமிரா கம்பெனியார் பொறுப்பேற்கமாட்டார்கள் என்பதையும் மனத்தில் வைக்க.

கடைசியாக, கடிதத்தின் பின்குறிப்பில் அன்பர் கேட்டிருப்பது: ஒரு பாட்டரி தட்டிலிருந்து வெளிவர மறுக்கிறது, நெம்பி எடுக்கலாமா? கூடாது. அந்தப் பாட்டரி உப்பியிருக்கிறது. நெம்புகையில் துளை விழுந்தால் தீப்பற்றும். தட்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வராவிட்டால் தட்டோடு பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வெளிவந்தபின் அதை மீண்டும் சார்ஜ் செய்யவேண்டா, வீட்டுக் குப்பையிலும் இடவேண்டா. முனைகளின்மேல் ஒட்டுப்பட்டை ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஓர் உலோகப் பாத்திரத்தில் தனியே வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைச் சேகரிக்க ஏற்பாடு செய்யும் கடமை உற்பத்தியாளரைச் சார்ந்தது.

ஃபிளாஷ் விளக்கின் செல்கள் கசிந்து உள்ளே பச்சை பூத்திருப்பதைப் பற்றிக் கரோல்பாக் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் வினாவுக்கு அடுத்த இதழில் விடை வரும்.